முக்தாவின் கட்டுரை: பள்ளிக்கூடமும் நம் பெண்களின் உடல்நலமும்

(சாவித்திரிபாய் பூலே நினைவு நாளில் பூரணாங்குப்பத்தில் ஆற்றிய நினைவுப் பேருரையின் எழுத்து வடிவம்)



பெண்கள் உடல்நலத்தில் பள்ளி, கல்லூரிகளின் பங்கு என்று தலைப்பைச் சொன்னவுடன் சில பேர் முகத்தில் ஒரு சலிப்பைப் பார்த்தோம். நியாயமான சலிப்புதான். இந்தத் தலைப்பில் நமக்கு இதுவரை கிடைத்ததெல்லாம் கை கழுவும் முறை, நகம் வெட்டுவது, தினமும் குளிப்பது என்கிற பாடம். அதைச் சொல்ல வருகிறவர் காலனிக்குள் நுழையும்போதே கைக்குட்டையை எடுத்துக்கொள்வார். நம் உடம்பு அழுக்கு என்ற முடிவோடு வருகிறவர்களிடமிருந்து சுகாதாரம் கற்றுக்கொண்ட அனுபவம் நமக்கு நிறைய உண்டு. இன்று அந்தப் பாடத்தை நடத்தப் போவதில்லை. பள்ளிக்கூடம் நம் பெண்களின் உடம்பை எப்படி நடத்தியது, நம் பெண்கள் பள்ளிக்கூடத்தை எதற்குப் பயன்படுத்திக்கொண்டார்கள் என்ற வரலாற்றைப் பேசலாம்.

அந்த வரலாறு ஒரு மாணவியின் கட்டுரையில் தொடங்குகிறது. புனேயில் ஜோதிராவ் பூலேயும் சாவித்திரிபாயும் 1848இல் பெண்களுக்குப் பள்ளி தொடங்கினார்கள். தொடர்ந்து மகர், மாங்கு பிள்ளைகளுக்கும் பள்ளிகள் வந்தன. அங்கே படித்த மாங்கு சாதிச் சிறுமி முக்தா சால்வே. சுமார் மூன்று ஆண்டு படிப்புதான். பதினான்கு வயது என்கிறார்கள். மாங்கு, மகர் மக்களின் துயரம் பற்றி அவள் எழுதிய கட்டுரை 1855இல் ‘ஞானோதயா’ என்ற மராத்தி இதழில் வந்தது. ஒரு தலித் பெண் எழுதி அச்சேறிய முதல் எழுத்துகளில் ஒன்று அது. மதத்தைக் கேள்வி கேட்கிற கட்டுரை என்றுதான் அதை நாம் கூட்டங்களில் மேற்கோள் காட்டுவோம். அதற்குள் இன்னொன்று இருக்கிறது. நாமே பல வருடம் கவனிக்காமல் தாண்டிப் போனோம். நம் பெண்கள் பிள்ளை பெறும்போது தலைக்கு மேல் கூரைகூட இல்லை என்று அவள் எழுதுகிறாள். மழையிலும் குளிரிலும் அவர்கள் படும் பாட்டைச் சொல்கிறாள். பேறுகாலத்தில் நோய் வந்தால் வைத்தியருக்கும் மருந்துக்கும் காசுக்கு எங்கே போவது என்று கேட்கிறாள்.

யோசித்துப் பாருங்கள். அந்தச் சிறுமிக்குக் கட்டுரை எழுதக் கற்றுக்கொடுத்த பள்ளியில் பேறுகாலம் பற்றிப் பாடம் இருந்திருக்காது. அவள் தெருவில் பார்த்தாள். பள்ளி அவளுக்கு எழுத்தைக் கொடுத்தது. எழுத்து வந்தவுடன் தன் சாதிப் பெண்களின் உடம்பு பட்ட வேதனையை எழுதினாள். பெண்கள் உடல்நலத்துக்கு ஒரு பள்ளிக்கூடம் செய்த வேலைகளில் இதைவிடப் பெரியதை நாங்கள் இன்னும் படிக்கவில்லை.

சாவித்திரிபாயின் வாழ்விலும் பள்ளிக்கும் உடம்புக்கும் நடுவே கோடு கிடையாது. ஏமாற்றப்பட்டுக் கருவுற்ற விதவைகள் பாதுகாப்பாகப் பிள்ளை பெறுவதற்கு 1863இல் வீட்டிலேயே இடம் ஒதுக்கினார்கள். 1868இல் தங்கள் வீட்டுக் கிணற்றைத் தீண்டத்தகாதவர்களாக்கப்பட்ட மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். தண்ணீர் இல்லாமல் சுகாதாரம் பேசுகிற பித்தலாட்டம் அவர்களிடம் இல்லை. 1897இல் புனேயில் பிளேக் பரவியபோது, நோய் கண்ட ஒரு மகர் சிறுவனை முதுகில் சுமந்து, வளர்ப்பு மகன் யஷ்வந்த் நடத்திய மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். தொற்று அவரையும் பிடித்தது. மார்ச் 10 அன்று இறந்தார். ஒரு பள்ளி ஆசிரியை தொட்டுத் தூக்கியதால் இறந்த நாள் இது. அதனால்தான் இந்தப் பேச்சை இந்த நாளில் வைத்தோம்.

நம் பக்கம் வருவோம். சென்னை மருத்துவக் கல்லூரி 1875இல் நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டது. அவர்களில் மேரி ஷார்லீப் பெயரை எல்லோரும் சொல்வார்கள். நமக்கு அதிகம் வேண்டியவர் முத்துலட்சுமி ரெட்டி. 1886இல் புதுக்கோட்டையில் பிறந்தவர்; தாய் சந்திரம்மாள் இசை வேளாளர் மரபு, தந்தை பிராமணர். 1904இல் அவர் மகாராஜா கல்லூரியில் சேர விண்ணப்பித்தபோது எதிர்ப்பு கிளம்பியது. அவர் பெண் என்பது ஒரு காரணம். தாயின் குலம் இன்னொரு காரணம். இப்படிப்பட்டவளின் மகள் வந்தால் பையன்கள் கெட்டுப்போவார்களாம். மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அனுமதித்தார். வகுப்பில் பையன்கள் பார்வையில் படாமல் இருக்கத் திரை கட்டினார்கள். அந்தத் திரையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு அதற்கு வருவோம்.

முத்துலட்சுமி 1912இல் மருத்துவப் பட்டம் பெற்றார். 1927இல் சென்னை சட்டமன்ற மேலவைக்குள் போனார். தேவதாசி முறை ஒழிப்பு பற்றிப் பேசும் அளவுக்கு, அவர் அங்கே பேசிய இன்னொன்றை நாம் பேசுவதில்லை: பள்ளி, கல்லூரி மாணவர்கள் எல்லோருக்கும் முறையான மருத்துவப் பரிசோதனை வேண்டும் என்றார். ஏழைப் பெண் பிள்ளைகளுக்குக் கல்விக் கட்டண விலக்குக் கேட்டார். இந்த இரண்டையும் ஒரே ஆள் கேட்டதில் காரணம் இருக்கிறது. பள்ளிக்கே வராத பெண்ணைப் பள்ளி மருத்துவர் எப்படிப் பரிசோதிப்பார்? அந்தக் கணக்கில் பெரும்பாலும் விடுபட்டவர்கள் நம் பாட்டிகள். அவர்கள் அப்போது நடவு வயலில் இருந்தார்கள்.

இதே காலத்தின் இன்னொரு கதை நமக்குப் பக்கத்துத் திண்டிவனத்தில் நடந்தது. ஐடா ஸ்கடர் இளம்பெண்ணாக இருந்தபோது, ஒரே இரவில் மூன்று வீடுகளிலிருந்து பிரசவத்துக்கு உதவி கேட்டு வந்தார்கள். ஆண் மருத்துவர் தொடக்கூடாது என்று அவருடைய தந்தையை ஏற்க மறுத்தார்கள். மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அதனால்தான் அவர் மருத்துவம் படித்தார், வேலூரில் 1909இல் செவிலியர் பள்ளியும் 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியும் தொடங்கினார் என்று சொல்வார்கள். நெகிழ வைக்கிற கதைதான். ஆனால் அதைக் கேட்கும்போது நமக்கு வேறொரு கேள்வி வருகிறது. அந்த மூன்று வீட்டாரும் மருத்துவர் தொடுவதை மறுத்தவர்கள். நம் சேரியில் பிரசவ வலி கண்டவளைத் தொட யார் தயாராக இருந்தார்கள்? ஊர்த்தெருவில் தொப்புள்கொடி அறுப்பது தீட்டு. அந்த வேலைக்கு மருத்துவர் சமூகப் பெண்களும் நம் கிழவிகளும் வேண்டும். வேலை முடிந்ததும் பின்வாசல் வழியாக வெளியேற வேண்டும். பிள்ளையை முதலில் கையில் ஏந்தியவளுக்கு அந்த வீட்டுத் திண்ணை கிடையாது.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ரத்தத்தையும் மலத்தையும் தொடும் வேலை என்று மேல்சாதிக் குடும்பங்கள் செவிலியர் படிப்பை ஒதுக்கியதால், மிஷன் பள்ளியில் படித்த தலித் கிறிஸ்தவப் பெண்களுக்கு அந்தக் கதவு திறந்தது. தீட்டு என்று தள்ளிய வேலையைச் சம்பளமும் சீருடையும் உள்ள தொழிலாக்கிக்கொண்டார்கள். இன்று நம் குடும்பங்களில் அரசு வேலைக்குப் போன முதல் பெண் யார் என்று கேளுங்கள். ஆசிரியை அல்லது நர்ஸ் என்றுதான் பல வீடுகளில் பதில் வரும்.

புதுச்சேரிக்கு வருவோம். சமத்துவம், சகோதரத்துவம் பேசிய பிரெஞ்சுக்காரர் மண் இது என்று பெருமை பேசுகிறவர்கள் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் புரட்டலாம். தேவாலயத்துக்குள் பறையரையும் மற்றவரையும் பிரித்த சுவரை எடுத்ததற்காக 1745இல் எழுந்த சண்டை அதில் இருக்கிறது. ஒரே கடவுளை வணங்கவே நடுவில் சுவர் கேட்ட ஊரில் பள்ளிக்கூடம் மட்டும் எப்படி இருந்திருக்கும்? குளூனி சபைக் கன்னியர் பெண் கல்விக்காக 1827இல் இங்கே வந்தார்கள். துய்புய் பாதிரியார் 1844இல் பெண் பிள்ளைகளின் படிப்புக்கென்றே இந்நாட்டுக் கன்னியர் சபை ஒன்றை இங்கே நிறுவினார். இவை நம்மைவிடச் சாதிப் பெண்களுக்கு முதலில் பயன்பட்ட முயற்சிகள் என்பது நம் எண்ணம். ஆனாலும் பெண் பிள்ளை வாசற்படி தாண்டிப் போய்ப் படிக்கலாம் என்ற பழக்கத்தை இந்த ஊரில் உண்டாக்கியவை. 1881ஆம் ஆண்டு ஆணைப்படி தங்கள் சாதி வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சிவில் சட்டத்துக்குள் போனவர்களில் நம் மக்கள் ஏராளம். காகிதத்தில் சாதியை விட்டார்கள். தெரு அவர்களை விடவில்லை.

பிரெஞ்சு நிர்வாகம் செய்த ஒரு காரியத்தை மட்டும் எங்கள் பாட்டி தலைமுறை நன்றியோடு சொல்லும். 1930இல் இங்கே பள்ளியில் மதிய உணவு வந்தது. அதற்குப் பத்து ஆண்டு முன்பு சென்னை மாநகராட்சியில் நீதிக் கட்சியினர் ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் தொடங்கியிருந்தார்கள். 1956இல் காமராசர், 1982இல் எம்.ஜி.ஆர். என்று அது வளர்ந்த கதை உங்களுக்குத் தெரியும். மதிய உணவை நாம் படிப்புக்கான திட்டம் என்று பேசுகிறோம். பெண் பிள்ளைகளைப் பொறுத்தவரை அது உடம்புக்கான திட்டம். வீட்டில் கடைசியாகச் சாப்பிடுகிறவள், அடிச்சட்டியில் ஒட்டியதைச் சாப்பிடுகிறவள், பள்ளியில் மட்டும் தம்பியோடு சமமாக உட்கார்ந்து, தம்பிக்குக் கொடுத்த அதே முட்டையைச் சாப்பிடுகிறாள். அந்த ஒரு வேளையில் அவளுக்குப் பங்கு பிரிப்பது குடும்பம் இல்லை, அரசாங்கம்.

அதனால்தான் அந்தச் சமையலறையைச் சாதி விடவில்லை. உச்ச நீதிமன்றம் 2001இல் சமைத்த உணவு தர வேண்டும் என்று ஆணையிட்டது. 2004இல் சமையல் பணியில் தலித்துகளுக்கு முன்னுரிமை தரச் சொன்னது. அந்த ஆணை எதற்குத் தேவைப்பட்டது என்பதற்கு 2018இல் அவிநாசிப் பக்கம் நடந்ததே சாட்சி. அருந்ததியப் பெண் சமைத்தால் எங்கள் பிள்ளைகள் சாப்பிட மாட்டார்கள் என்று பள்ளியில் தகராறு செய்தார்கள். பிள்ளைகளின் ரத்தத்தில் இரும்புச்சத்து குறைந்தாலும் சரி, தட்டில் தீட்டு விழக்கூடாது.

இரும்புச்சத்து என்றதும் அந்த நீல மாத்திரை ஞாபகம் வருகிறது. மாணவிகள் சிரிக்கிறீர்கள், யார் யார் வடிகாலில் போட்டீர்கள் என்று கேட்க மாட்டோம். பதின்வயதினருக்கு வாரம் ஒரு மாத்திரை என்று பள்ளி வழியாகப் பல ஆண்டுகளாகத் தருகிறார்கள். தேசியக் குடும்ப நல ஆய்வின்படி 2019-21இல் இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் ரத்தசோகை உள்ளவர்கள் 59.1 விழுக்காடு. முந்தைய ஆய்வில் 54.1. மாத்திரை கொடுத்த காலத்தில் ரத்தசோகை ஏறியிருக்கிறது. மாத்திரை கெட்டது என்று சொல்ல வரவில்லை, அது வேண்டும். ஆனால் வெறும் வயிற்றில் அதைப் போட்டால் குமட்டும். விடியுமுன் சித்தாள் வேலைக்குக் கிளம்புகிற அம்மாவின் மகள் என்ன சாப்பிட்டுவிட்டுப் பள்ளிக்கு வருவாள்? தமிழ்நாட்டில் 2022இல் வந்த காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு நிற்கிறது. மாதவிடாய் தொடங்கி ரத்தம் இழக்கிற வயதில் அந்தத் தட்டை எடுத்துவிடுகிறோம்.

மாதவிடாய் என்ற சொல்லை மேடையில் சொல்லும்போது பின்னால் நிற்கிற ஆண் தோழர்கள் சிலர் கைபேசியைப் பார்க்கிறீர்கள். பாருங்கள், ஆனால் கேளுங்கள். ஊர்ப்புறப் பதின்வயதுப் பெண்களுக்கு விலையில்லா நாப்கின் தரும் புது யுகம் திட்டத்தைத் தமிழ்நாடு 2011இல் அறிவித்தது. நல்ல திட்டம். நாப்கின் கைக்கு வந்த பிறகு அதை மாற்ற இடம் வேண்டும். கதவு வேண்டும், தாழ்ப்பாள் வேண்டும், தண்ணீர் வேண்டும், போட்டுவிட்டு வரத் தொட்டி வேண்டும். நாங்கள் படித்த பள்ளியில் மாணவிகள் கழிப்பறைக்குப் பூட்டு உண்டு. சாவி ஆசிரியர் அறையில் ஆணியில் தொங்கும். ஆசிரியைகளுக்கு அது திறக்கும். யாராவது பெரிய அதிகாரி வரும் நாளில் எங்களுக்கும் திறக்கும். அதற்கு முதல் நாள் அதைக் கழுவ எங்கள் தெருப் பெண் பிள்ளைகளைத்தான் கூப்பிடுவார்கள். எதற்கு எங்களை மட்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. கேட்கலாம் என்பதே தெரியாது. இது முப்பது வருடக் கதை, இப்போது மாறிவிட்டது என்று நினைத்திருந்தோம். 2022இல் பெருந்துறைப் பக்கத்து அரசுப் பள்ளி ஒன்றில் பட்டியல் சாதிப் பிள்ளைகளை மட்டும் கழிப்பறை கழுவ வைத்ததும், அதில் ஒரு சிறுவனுக்கு டெங்கு வந்ததும், தலைமையாசிரியை கைதானதும் செய்தியில் வந்தன.

2025 ஏப்ரலில் கிணத்துக்கடவுப் பக்கம் ஒரு தனியார் பள்ளி. எட்டாம் வகுப்பில் படித்த அருந்ததியச் சிறுமியை, மாதவிடாய் என்பதால், வகுப்புக்கு வெளியே படிக்கட்டில் உட்கார வைத்துத் தேர்வு எழுத வைத்தார்கள். அம்மா வந்து பார்த்துக் கைபேசியில் படம் பிடித்தார். தலைமையாசிரியர் இடைநீக்கமானார், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்கு வந்தது. தனியாக உட்கார வைக்கச் சொல்லி வீட்டிலிருந்தே கேட்டார்கள் என்று ஒரு விளக்கமும் வந்தது. அப்படியே இருக்கட்டும். தனியாக ஒரு மேசையும் மின்விசிறியும் கொடுப்பதற்கும் வாசற்படியைக் கொடுப்பதற்கும் வித்தியாசம் தெரியாதவர்களா ஆசிரியர்கள்? வாசற்படி யாருக்கான இடம் என்பது இந்த நாட்டில் எல்லோருக்கும் தெரியும். சிறுவன் அம்பேத்கர் பள்ளியில் தாகத்தோடு எதற்காகப் பியூனுக்குக் காத்திருந்தார் என்பது தெரிந்த நமக்கு, அந்தச் சிறுமி படியில் உட்கார்ந்ததன் பொருள் தெரியும். அவர் மேல் இருந்தது பிறப்பின் தீட்டு. அவளுக்கு அதன் மேல் இன்னொரு தீட்டும் சேர்ந்தது.

அம்பேத்கர் இந்த இரண்டாவது தீட்டையும் விட்டுவைக்கவில்லை. பெண் தொழிலாளர்களின் மகப்பேறு உதவி மசோதாவை ஆதரித்து 1928இல் பம்பாய் மேலவையில் பேசினார். குடும்பக் கட்டுப்பாட்டு வசதி வேண்டும் என்று 1938இல் தன் கட்சி உறுப்பினர் மூலம் தீர்மானம் கொண்டுவந்தார், தோற்றது. 1942 ஜூலை 20 அன்று நாக்பூரில் 20,000 பெண்களுக்கு மேல் கூடிய மாநாட்டில், பெண்களுக்குக் கல்வி கொடுங்கள், கல்யாணத்துக்கு அவசரப்படாதீர்கள், நிறையப் பிள்ளை பெறுவது பிள்ளைகளுக்குச் செய்யும் குற்றம் என்ற பொருளில் பேசினார். அந்த மாநாட்டில் பெண்களே வைத்த கோரிக்கைகளில் வேலை செய்யும் பெண்களுக்கு விடுப்பும், படிக்கும் பெண்களுக்கு விடுதியும் சேர்ந்தே இருந்தன. படிப்பு, வேலை, உடம்பு மூன்றையும் அவர்கள் பிரிக்கவில்லை.

நம் பகுதியில் இதற்கு முன்னோடி சுவாமி சகஜானந்தர். 1916இல் சிதம்பரத்தில் அவர் நந்தனார் கல்விக் கழகத்தைத் தொடங்கினார். படிப்போடு தங்க இடமும் சோறும் கொடுத்தால்தான் நம் பிள்ளை படிக்கும் என்று அவர் கண்ட உண்மையில்தான் இன்றைய ஆதிதிராவிட நல விடுதிகள் நிற்கின்றன. அந்த விடுதிகளுக்குள் ஒரு முறை போய்ப் பாருங்கள். எத்தனை மாணவிகளுக்கு எத்தனை குளியலறை என்று மட்டும் எண்ணிவிட்டு வாருங்கள். மற்றதை நாம் சொல்லவேண்டாம்.

கல்லூரிகளைப் பற்றி. ஜிப்மர் தன் தொடக்கத்தை 1823ஆம் ஆண்டின் பிரெஞ்சு மருத்துவப் பள்ளி வரை கொண்டுபோகிறது. 1964இல் இன்றைய பெயர் வந்தது. அதன் பிறகு இந்தச் சின்ன நிலப்பரப்பில் வந்த தனியார் மருத்துவக் கல்லூரிகளை உங்களுக்கே எண்ணத் தெரியும். கடலூர் சாலையில் பஸ்ஸில் போனாலே தெரியும். கல்லூரிகள் வந்ததால் நமக்கு இலவசப் பிரசவம் கிடைத்தது, ரத்தம் கிடைத்தது, உயிர்கள் பிழைத்தன. நன்றியோடு சொல்கிறோம். ஆனால் அந்தக் கல்லூரிகள் யார் உடம்பில் படிக்கின்றன? எங்கள் உறவுப் பெண் ஒருவர், அவர் பெயரும் வேண்டாம் மருத்துவமனை பெயரும் வேண்டாம், வலியோடு படுத்திருந்தபோது மாணவர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து கைவைத்துப் பார்த்தார்கள். யாரும் அவரிடம் கேட்கவில்லை. திரைச்சீலை இழுக்கவில்லை. புதுக்கோட்டை வகுப்பில் கட்டிய திரை ஞாபகம் இருக்கிறதா? பையன்கள் கண்ணில் ஒரு மாணவி படக்கூடாது என்று கட்டினார்கள். நூறு வருடம் கழித்து எங்கள் வீட்டுப் பெண்ணுக்குத் தேவைப்பட்ட இடத்தில் ஒரு முழத் துணி இல்லை. நாங்கள் பிறகு சமூகவியல் முதுகலை படித்தபோது பொதுச் சுகாதாரம் என்ற பகுதி வந்தது. கொள்ளைநோய், மக்கள்தொகை, தாய் சேய் நலம் எல்லாம் இருந்தன. தீட்டு என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை.

இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போக ஆசைப்பட்டவள் குழுமூர் அனிதா. பன்னிரண்டாம் வகுப்பில் 1200க்கு 1176 எடுத்தும் நீட்டில் தள்ளப்பட்டு, உச்ச நீதிமன்றம் வரை போய், 2017 செப்டம்பர் 1 அன்று நம்மை விட்டுப் போனாள். அரசுப் பள்ளி மாணவர்களுக்குத் தமிழ்நாடு 2020இல் 7.5 விழுக்காடும் புதுச்சேரி 2023இல் 10 விழுக்காடும் ஒதுக்கியதற்குப் பின்னால் அந்த மரணம் இருக்கிறது. கட்டிலில் படுத்திருக்கிறவளின் தெருவிலிருந்து ஒருத்தி அந்த வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தால், திரையை இழுக்க வேண்டும் என்று யாரும் அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அப்படித்தான் நம்புகிறோம். சில நேரம் நம்மவர்களும் கோட்டு போட்டதும் மறந்துவிடுகிறார்கள் என்பதையும் பார்த்திருக்கிறோம்.

கடைசியாக, இந்தத் துணிப்பை. போன வாரம் இங்கே வந்தபோது, இந்தச் சுற்றுவட்டாரத்தில் ஒன்பதாம் வகுப்பு முதல் கல்லூரி வரை படிக்கிற மாணவிகளிடம் ஆளுக்கு ஒரு தாள் கொடுத்தோம். பெயர் எழுத வேண்டாம், பள்ளி பெயரும் வேண்டாம், படிக்கப் போகிற இடத்தில் உங்கள் உடம்புக்கு எது கஷ்டம் என்று மட்டும் எழுதுங்கள் என்றோம். முதலில் யாரும் எழுதவில்லை. பிறகு ஒருத்தி முதுகைத் திருப்பிக்கொண்டு எழுத ஆரம்பித்தாள்.

எல்லாவற்றையும் இங்கே படிக்க மாட்டோம். சிலவற்றை ஆண்கள் முன் படிக்கக்கூடாது என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். கழிப்பறைக்குப் போகவேண்டி வரும் என்பதால் காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதில்லை என்று பல தாள்களில் இருக்கிறது. அடிவயிற்று எரிச்சல் பற்றி நான்கைந்து தாள்கள். அது சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம், தண்ணீரை அடக்குவதால் வருகிறது, மருந்துண்டு, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரத் துணைக்கு நாங்கள் இருக்கிறோம் என்று அந்த மாணவிகளுக்கு இந்த மேடையிலிருந்தே சொல்லிவிடுகிறோம். பஸ்ஸில் நின்றுகொண்டே வரும்போது உரசுகிறவனைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். விளையாட்டு வகுப்பில் எங்களை மட்டும் மைதானம் பெருக்கச் சொல்கிறார்கள் என்று ஒருத்தி எழுதியிருக்கிறாள்.

இந்தத் தாள்களை ஒரு மனுவாகத் தொகுத்துக் கல்வித் துறைக்கும் கொம்யூன் பஞ்சாயத்துக்கும் கொடுக்கப் போகிறோம். கையெழுத்து நாங்கள் போடுகிறோம், மாணவிகள் பெயர் வெளியே போகாது. வரும் ஞாயிற்றுக்கிழமை இதே இடத்தில் உட்கார்ந்து எழுதுவோம். கூடவே இருந்து எழுத நான்கு மாணவிகள் பெயர் கொடுத்திருக்கிறார்கள். அதில் ஒருத்தி முதுகைத் திருப்பிக்கொண்டு எழுதியவள். அவள் தாளில் ஒரே ஒரு வரிதான் இருந்தது, சாவி யாரிடம் இருக்கிறது என்று எழுதியிருந்தாள்.